வேலுத்தாய் இடுப்பிலிருந்த பிஸ்டல்

முன்னால் இன்னும் நான்கு பேர். ஆளுக்கு ஐந்து ரவுண்டு, நான்கு பேருக்கும் சேர்த்து அரை மணி நேரம்கூட ஆகாது, ஆனால் ஆயுதப்படை இன்ஸ்பெக்டர் ஜெயசீலன், எல்லோருக்கும் ஆர்.ஐ., வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மகனின் காலேஜ் சீட்டு விஷயமாக யாரிடமோ போனில் குழைந்துகொண்டிருக்கிறார், அவர் கையசைக்காமல் ஒருவரும் சுடக் கூடாது. வெயில் மட்டும் யார் கையசைப்புக்கும் காத்திராமல் ஏறிக்கொண்டிருந்தது. வேலுத்தாய்க்கு நாக்கு ஒட்டியது. விடிந்ததிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் எங்கே போவது? இந்த மைதானத்தில் பொம்பளைக்கு ஒதுங்க இடம் கிடையாது, ஆம்பளைகள் சுவரைப் பார்த்து நின்றுகொள்வார்கள், பதினெட்டு வருஷ சர்வீஸில் பதினெட்டு முறை எழுதிக் கொடுத்தாகிவிட்டது, எழுதிக் கொடுத்த காகிதத்தை அடுக்கியிருந்தாலே ஒரு மறைப்புக் கட்டியிருக்கலாம். வலது இடுப்பில் பிஸ்டல் அழுத்தியது. உறையைத் தைத்தவன் எவனோ ஆம்பளை, பெல்ட்டில் மாட்டுகிற மாதிரி தைத்து வைத்திருக்கிறான், சுடிதாருக்கு ஏது பெல்ட்? மப்டி டூட்டி, வெளியே தெரியக் கூடாது என்று உத்தரவு போடத் தெரிந்தவர்களுக்கு எதில் மாட்டுவது என்று சொல்லத் தெரியவில்லை. கடைசியில் அவளே டைலர் கடைக்குப் போய் செல்போன் வைக்க என்று பொய் சொல்லி ஒரு துணிப்பட்டை தைத்துக்கொண்டாள். "இம்புட்டு அகலத்துக்கா, எந்தக் காலத்து போனுக்கா?" என்று டைலர் சிரித்தான். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கும் அதே சந்தேகம்தான். ஒரு பாட்டி ஒருநாள் முழங்கையால் இடித்துப் பார்த்துவிட்டு, "என்ன தாயி, டிபன் டப்பாவ இடுப்புல செருகிருக்க?" என்றாள். ஆமாம் பாட்டி, டிபன் டப்பாதான். இத்தனை நாளும் டிபன் டப்பாவைத்தான் சுமந்தேனோ என்னவோ. நாளைக்கு நாகஜோதி கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டும். பெற்ற அப்பனுக்கும் கூடப் பிறந்த அண்ணனுக்கும் எதிராக. அவளைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போய்க் கூட்டி வருவது வேலுத்தாயின் வேலை. இடுப்பில் இருப்பது சுடுமா சுடாதா என்று வேலுத்தாய்க்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள இன்றைக்கு ஒரு நாள்தான் இருக்கிறது.

தெரிந்துகொள்ளத்தானே இந்தச் சுடுபயிற்சி என்று யாராவது கேட்டால் அவர்கள் இந்த இலாகாவைப் பற்றி ஒன்றும் அறியாதவர்கள். இங்கே ஒரு வழக்கம் உண்டு. சுடுகிற இடத்தில் மேஜை மேல் இரண்டு பிஸ்டல் இருக்கும். பயிற்சிக்கென்று வைத்திருப்பது. வரிசையில் வருகிற ஒவ்வொருவரும் அதை எடுத்து ஐந்து தடவை சுட்டுவிட்டு, அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். சொந்தமாக அவரவர் இடுப்பில் இருப்பது இடுப்பிலேயே இருக்கும். அதைச் சுட்டால் கழற்ற வேண்டும், துடைக்க வேண்டும், எண்ணெய் போட வேண்டும், கிடங்கு ஏட்டுக்கு வேலை. அதனால் ஒருவரும் சுடுவதில்லை. சுடாத பிஸ்டலுக்கு வருஷா வருஷம் 'நன்றாக இயங்குகிறது' என்று ரப்பர் முத்திரை மட்டும் விழும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பரீட்சை வைத்துவிட்டு உன் பிள்ளை பாஸ் என்று சொல்கிற கதை. பதினெட்டு வருஷம் அவளும் இதைத்தானே செய்தாள், அப்போதெல்லாம் இந்தக் கோபம் எங்கே போயிருந்தது? அப்போது அவள் துணைக்குப் போனது ஒரு முன்னாள் சேர்மன் சம்சாரத்துக்கு, அந்த அம்மாளை யார் கொல்லப்போகிறார்கள், ஜவுளிக்கடையில் பையைத் தூக்கிக்கொண்டு நின்றதுதான் மிச்சம். இது அப்படியில்லை. போன வெள்ளிக்கிழமை நாகஜோதி குளித்துக்கொண்டிருந்தபோது, வேலுத்தாய் தோட்டா அடைத்த மேகசினைக் கழற்றிவிட்டு, பிஸ்டலின் மேல்மூடியான ஸ்லைடைப் பின்னால் இழுத்து விட்டாள். சும்மா, கை அரித்தது, அவ்வளவுதான். பட்டென்று முன்னால் போய் அடைய வேண்டிய ஸ்லைடு சாப்பிட்டு எழுந்த மாமனார் மாதிரி மெதுவாகப் போய்ச் சேர்ந்தது. மறுபடி இழுத்தாள். மறுபடி அதே மந்தம். காலி பிஸ்டலைச் சுவர்ப் பக்கம் நீட்டி விசையை அழுத்தினால், தோட்டாவின் அடியில் குத்தி வெடிக்கவைக்கிற ஊசி, இவர்கள் பின் என்று சொல்வது, டக் என்று அடிக்காமல் மொத்தென்று அடித்தது. துண்டை விரித்து அதன்மேல் தட்டினாள். மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. விரலில் தொட்டு மூக்கருகே கொண்டுபோனாள். சந்தனம். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் அக்டோபரிலிருந்து மே வரைக்கும் உள்ளேயே உட்கார்ந்து எண்ணெயோடு கலந்து பிசினாகி இறுகிப் போயிருந்தது. எவன் எவன் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். குளியலறைக்குள்ளிருந்து நாகஜோதி, "யாருக்கா வந்துருக்கா?" என்று கேட்டாள். "யாருமில்ல, நீ குளி."

மறுநாளே ஆயுதக் கிடங்குக்குப் போனாள். கிடங்கு ஏட்டு தவசிக்கனி, அவளுக்கு நாலு வருஷம் சீனியர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு தினத்தாளில் ராசிபலன் பார்த்துக்கொண்டிருந்தார். பிஸ்டலை வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், ஒரு தடவை இழுத்து விட்டார், திருப்பிக் கொடுத்தார். "நல்லாத்தானம்மா இருக்கு." "அண்ணே, உள்ள சந்தனம் போயிருக்கு. பின்னு அடிக்க மாட்டேங்குது." "அது சாமி சந்தனம்மா. இருந்தா நல்லதுதான்." "சாமி சந்தனம் சுடுமாண்ணே?" "என்னம்மா எடக்குப் பேசுற. பொங்கலுக்குக் கிடங்குக்குப் பெயிண்டு அடிச்சப்பகூட கதவுல வச்ச பொட்ட நான் அழிக்க விடல. ஆயுதத்துல வச்சத துடைக்கக் கூடாதும்பாக." "சரிண்ணே, கழட்டிச் சுத்தம் பண்ணிக் குடுங்க." "ஸ்லைடு பிரிச்சு பின்ன வெளிய எடுக்கணும்னா ஆர்.ஐ. ஆர்டர் வேணும். எழுதிக் குடு, அனுப்புவோம்." எழுதிக் கொடுத்தாள். எழுதிக் கொடுத்தது எங்கே போயிற்றோ, மறைப்புக் கேட்டு எழுதிய காகிதங்களோடு சேர்ந்து குடும்பம் நடத்துகிறதோ. துடைக்கக் கூடாதாம். ஆயுதத்துக்கு மரியாதை. அந்த ஆயுதத்தை நம்பி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறவளுக்கு மரியாதை வேண்டாமா? அவள் வயிற்றெரிச்சல் சும்மா விடுமா? யார் பூசியது என்று விசாரித்து அவனைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்த வேண்டும், அவன் கையிலேயே இதைக் கொடுத்து, போ, நீ போய் நாகஜோதி பக்கத்தில் நில்லு என்று சொல்ல வேண்டும். யார் பூசியது. இந்த இடம் வந்ததும் வேலுத்தாயின் நினைப்பு வண்டி மாடு பள்ளத்தைக் கண்டு ஒதுங்குகிற மாதிரி ஒதுங்கிக்கொண்டது. முன்னால் இப்போது மூன்று பேர். ஆர்.ஐ. போனை வைத்துவிட்டு மறுபடி எடுத்துக்கொண்டார்.

நாகஜோதிக்கு இருபத்து மூன்று வயது. நர்சிங் படித்தவள். கூடப் படித்த ரூபனைக் கட்டிக்கொண்டு பதினாறாவது நாள், வாடகை வீட்டு வாசலில், அவள் கண்ணெதிரே அவனை வெட்டினார்கள். கையில் வெங்காயம் உரித்த பாத்திரத்தோடு வெளியே வந்தவள் அப்படியே நின்றிருக்கிறாள். அண்ணன் அவளைப் பார்த்து, "உனக்கு அப்புறம்" என்றானாம். ஒரு வேலையை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான் என்று சொல்லும்போது மட்டும்தான் நாகஜோதிக்குக் குரல் போகும், மற்ற எல்லாவற்றையும் கோர்வையாகச் சொல்லிவிடுவாள். அண்ணனும் அப்பாவும் உள்ளே இருக்கிறார்கள். சித்தப்பா மகன் ஒருத்தன், முத்துவேல், வெளியே இருக்கிறான். கோர்ட் உத்தரவின்பேரில் அக்டோபர் கடைசியில் வேலுத்தாயை அவளுக்குத் துணையாகப் போட்டார்கள். வந்த முதல் நாள் நாகஜோதி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க ஒருத்தர்தானாக்கா?" என்று கேட்டாள். கேள்வியில் குறை இல்லை, வெறும் கணக்குத்தான், அப்படியும் வேலுத்தாய்க்குச் சுருக்கென்றது. டிசம்பரில் பஸ் ஸ்டாண்டில் அந்த முத்துவேல் வந்தான். டீக்கடை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தான், பிறகு நடந்து வந்தான், ஒரு கை சட்டைக்குப் பின்னால். வேலுத்தாய் நாகஜோதியை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு துப்பட்டாவுக்குள் கையை விட்டாள். அவன் கண் அந்தக் கையைத் தொடர்ந்து போனது. ஐந்தாறு எட்டு தூரத்தில் நின்றான். சிரித்தான். திரும்பிப் போய்விட்டான். அன்று ராத்திரி நாகஜோதி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள், வேலுத்தாய்க்கு அது பதக்கம் வாங்கிய மாதிரி இருந்தது. அந்த ஐந்தாறு எட்டை அவன் நடந்திருந்தால்? டிசம்பரில் சந்தனம் இறுகியிருக்குமா, ஈரமாக இருந்திருக்குமா, ஈரமாக இருந்தால் சுட்டிருக்குமா? நாளைக்கு அவன் நிற்க மாட்டான். நாளைக்கு அவள் வாயைத் திறந்துவிட்டால் அவன் அண்ணனுக்கும் பெரியப்பனுக்கும் ஆயுள். நாளைக்கு அவன் அந்த ஐந்தாறு எட்டையும் நடப்பான்.

"அடுத்து யாரு? ஏட்டம்மாவா? வாங்க வாங்க, சீக்கிரம்." மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். பயிற்சி பிஸ்டல் முந்தைய ஆளின் கைச்சூட்டோடு கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை. துப்பட்டாவை ஒதுக்கித் தன்னுடையதை எடுத்துத் தரையைப் பார்த்த மாதிரி பிடித்துக்கொண்டாள். "சார், என் பிஸ்டல்ல சுடுறேன் சார்." ஆர்.ஐ. போனைக் காதிலிருந்து எடுத்தார். "எதுக்கு?" "சுடுதான்னு பாக்கணும் சார்." "அதெல்லாம் சுடும். மேஜ மேல இருக்கறத எடுங்க." "நாளைக்கு அந்தப் பொண்ணு சாட்சி சொல்லப் போகுது சார்." "அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?" அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம். கேட்டுவிட்டார். இந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்காகவே இந்த மனுஷனுக்குத் தோளில் மூன்று நட்சத்திரம் குத்தியிருக்கிறார்கள். வேலுத்தாய் காதுக்குள் ரத்தம் இரைவதைக் கேட்டாள். பின்னால் வரிசையில் யாரோ, "வேலக்கா, சுட்டுட்டு வாங்க, பசிக்குது" என்றான். "போன வாரமே எழுதிக் குடுத்தேன் சார். பதில் வரல. இத சுட்டுப் பாக்காம நான் இங்கருந்து நகர மாட்டேன் சார்." தன் குரல் இவ்வளவு உயருமென்று அவளுக்கே தெரியாது. வேப்பமரத்துக் காக்கை எழுந்து பறந்தது. ஆர்.ஐ. அவளை ஒரு நிமிஷம் முறைத்துப் பார்த்தார், பிறகு போனைப் பார்த்தார், அந்தப் பக்கம் காலேஜ்காரர் காத்திருக்கிறார் போல. "அஞ்சே ரவுண்டு. போட்டுட்டு வாய மூடிட்டுப் போங்க."

மேகசினைச் செருகினாள். ஸ்லைடை இழுத்து விட்டாள், அதே மாமனார் நடை. நீட்டினாள். இருபத்தைந்து கெஜத்துக்கு அப்பால் அட்டையில் வரைந்த கறுப்பு மனுஷன். அழுத்தினாள். மொத்து. அவ்வளவுதான். கை பின்னால் உதறவில்லை, காது அடைக்கவில்லை, கறுப்பு மனுஷன் அப்படியே நிற்கிறான். "அசையாத! கீழ இறக்காத! முப்பது எண்ணு!" ஆர்.ஐ.யின் குரல். அது விதி. சுடாமல் போன ரவுண்டு தாமதித்து வெடித்தாலும் வெடிக்கும், முப்பது எண்ணும்வரை இலக்கைப் பார்த்தே பிடித்திருக்க வேண்டும். ஒன்று. இரண்டு. சுடவில்லை. மூன்று. பஸ் ஸ்டாண்டில் சுட்டிருக்காது. ஐந்து. முத்துவேலுக்கு மட்டும் இது தெரிந்திருந்தால் இந்நேரம் நாகஜோதி செத்து ஆறு மாசம் நெருங்கியிருக்கும். எட்டு. யார் பூசியது, யார் பூசியது, வேலுத்தாய், இனி ஒதுங்க இடமில்லை, கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாய், சொல். பத்து. ஆயுத பூஜை அன்றைக்குக் காலையில் தவசிக்கனி வந்து, "ஏம்மா வேலு, பொம்பளக் கையால பொட்டு வச்சா மங்களமா இருக்கும், வாம்மா" என்று கூப்பிட்டார். மங்களத்துக்கு மட்டும் பொம்பளை வேண்டும், கோலம் போட, விருந்தாளிக்குத் தட்டு ஏந்த, பொட்டு வைக்க. அன்றைக்கும் எரிச்சல் வந்தது. ஆனாலும் போனாள். பதினான்கு. வெள்ளை வேட்டி விரித்து அறுபத்திரண்டு ஆயுதங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். பிஸ்டலெல்லாம் காலி என்று காட்டுவதற்காக ஸ்லைடைப் பின்னால் இழுத்து நிறுத்தியிருந்தார்கள். அப்படி வைத்தால் பின்பக்கம் சின்னதாக வட்டமாக ஓர் இடம் தெரியும், நெற்றி மாதிரி, நடுவில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் பின்னின் வால் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். பதினெட்டு வருஷமாகத் தெரியும். அன்றைக்கு அது பின்னாகத் தெரியவில்லை, நெற்றியாகத்தான் தெரிந்தது. இருபது. மோதிர விரலால் சந்தனம், அதன்மேல் குங்குமம். சந்தனம் தண்ணீராக இருந்தது, வழிந்தது, இன்னும் கொஞ்சம் வைத்தாள். இருபத்து மூன்று. தன் நம்பர் போட்ட பிஸ்டல் வந்தபோது ஒரு விரல் கூடுதலாகவே வைத்தாள், வேண்டிக்கொண்டுகூட வைத்தாள், இதை நான் சுடும்படி வரக் கூடாது சாமி என்று. நீயே வைத்தாய். அவன் கழுத்தைப் பிடிக்க வேண்டும் இவன் கழுத்தைப் பிடிக்க வேண்டும் என்று ஒரு வாரமாகக் கொதித்தாயே, உன் விரல்தான். அப்படியென்றால் அவர்கள்மேல் கோபப்பட உனக்கு வாயில்லையா? இருபத்தெட்டு. இருக்கிறது. வைத்தது நான், வைக்கச் சொன்னது நீங்கள், துடைக்க விடாதது நீங்கள், ஏழு மாசம் சுட்டுப் பார்க்க விடாதது நீங்கள். முப்பது.

ஸ்லைடை இழுத்து அந்த ரவுண்டை வெளியே தள்ளினாள். மேஜைப் பக்கம் தோட்டா எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்த தவசிக்கனி குனிந்து எடுத்தார். அதன் அடியில் நகம் பட்ட மாதிரி லேசாக ஒரு தடம், அதற்குமேல் பின்னுக்குத் தெம்பில்லை. இரண்டாவதும் மொத்து, முப்பது எண்ணினாள். மூன்றாவதை ஆர்.ஐ. வேண்டாமென்று சொல்லிவிட்டார். போன் அவர் பாக்கெட்டுக்குள் போயிருந்தது. மேஜை மேலேயே தவசிக்கனி பிஸ்டலைப் பிரித்து பின்னை வெளியே தட்டினார், மூன்று தட்டுக்குப் பிறகுதான் வந்தது, உடம்பெல்லாம் மஞ்சள் சேறு. "யாருய்யா இப்பிடி அப்பி வச்சது?" என்றார் ஆர்.ஐ. தவசிக்கனி நிமிராமல், "ஏட்டம்மாதான் சார் பொட்டு வச்சாக" என்றார். ஆர்.ஐ.யின் முகத்தில் ஒரு நிம்மதி பரவியதை வேலுத்தாய் பார்த்தாள், ஆள் கிடைத்துவிட்டது. "அப்ப மெமோ யாருக்கும்மா குடுக்கணும்? வெளிய தெரிஞ்சா உங்களுக்குத்தான் அசிங்கம். துடைச்சு வாங்கிட்டுப் போங்க. மேஜ மேல இருக்கற பிஸ்டல்ல அஞ்சு ரவுண்டு போட்டு மார்க் வாங்கிக்கங்க." "மெமோ குடுங்க சார், வாங்கிக்கிறேன். நான்தான் வச்சேன். அதையும் எழுதுங்க. ஆனா இது ஒண்ணுக்கு மட்டும் வைக்கல சார். அறுபத்திரண்டுக்கும் என் கையாலதான் வச்சேன். அதையும் சேத்து எழுதுங்க." ஆர்.ஐ. ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேலுத்தாய்க்குப் பின்னால் ஸ்லைடு இழுபடும் சத்தம் கேட்டது. பசிக்கிறது என்று சொன்னவன், கலெக்டருக்குத் துணை போகிற தங்கமணி, தன் பிஸ்டலை எடுத்துக் காலி செய்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அடுத்தவனும் இடுப்பில் கை வைத்தான். அதற்கடுத்தவனும். ஆர்.ஐ. வரிசையைக் கடைசிவரை பார்த்தார். "தவசி, எல்லாத்தையும் இங்கயே பிரி. ஒவ்வொருத்தனும் சொந்தத் துப்பாக்கியில சுட்டுட்டுத்தான் போகணும்." பிறகு அவள் பக்கம் திரும்பாமலே, "மெமோ உண்டு" என்றார். தவசிக்கனி கிடங்கிலிருந்து வேறொரு பிஸ்டல் கொண்டுவந்து, அதையும் பிரித்துத் துடைத்துக் கொடுத்தார்.

போன் அடித்தபோது வேலுத்தாய் அந்தப் புதுப் பிஸ்டலை மேஜை மேல் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றிருந்தாள். காது இன்னும் இரைந்தது. நாகஜோதி. "அக்கா, நாளைக்கு நீலச் சேல கட்டவா, சுடிதாரே போட்டுக்கவா? வக்கீலு ஒண்ணும் சொல்லல." "எதையாவது கட்டு. கதவப் பூட்டிருக்கியா?" "பூட்டித்தான் இருக்கு. ஏன்கா மூச்சு வாங்குது?" சொல்லாமல் விடலாம். ஒரு மணி நேரத்தில் போய்விடலாம், அவள் தோசை வார்ப்பாள், நாளைக்கு எல்லாம் ஆன பிறகு சொல்லிக்கொள்ளலாம். இவர்களும் அப்படித்தானே எல்லாவற்றையும் முத்திரை குத்தி மூடி வைத்தார்கள். "ஜோதி, இத்தன நாளா என் இடுப்புல இருந்தது சுடாது. இன்னைக்குத்தான் சுட்டுப் பாத்தேன். அதுல சந்தனத்த அப்பி அடைச்சு வச்சது நான்தான்." அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் வந்தது. வேலுத்தாய் இதையும் எண்ணினாள், எவ்வளவு என்று தெரியவில்லை. "ஏழு மாசமாவா?" என்றாள் நாகஜோதி. "பஸ் ஸ்டாண்டுல அவன் வந்தப்பயுமா?" "அப்பயும்தான்." "நல்லா இருக்குக்கா. ரொம்ப நல்லா இருக்கு. உங்க எல்லாரையும் என்ன சொல்ல?" அந்தப் பிள்ளைக்கு இவ்வளவு கோபம் வருமென்று வேலுத்தாய் நினைத்ததில்லை. வரட்டும். நாளைக்குக் கூண்டில் அது வேண்டும். "திட்டு, வந்து வாங்கிக்கிறேன். நான் வர்ற வரைக்கும் யாரு கூப்பிட்டாலும் கதவத் திறக்காத." தாழ்ப்பாளை இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு நாகஜோதி கேட்டாள், "இப்ப இருக்கறது சுடுதா?" "அஞ்சு போட்டேன், அஞ்சும் போச்சு. இன்னும் அஞ்சு குடுங்கன்னு கேட்டு நிக்கிறேன்." "பத்தா வாங்குங்கக்கா" என்றாள் நாகஜோதி. வேலுத்தாய் போனை வைத்துவிட்டு மறுபடி மேஜைக்குப் போனாள்.